ஏழு இடம், ஆறு கையெழுத்து

அந்த மனு என் மேஜைக்கு வந்தபோது நான் சிரித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால், ஆரம்பத்திலிருந்தே நான் நல்லவன்தான் என்று யாராவது நினைத்துவிடுவார்கள்.

ஒரே பக்கம், கையால் எழுதியது. கால்பந்து மைதானத்தின் மேற்கு ஸ்டாண்டில் சக்கர நாற்காலிக்காரர்களுக்குக் கட்டியிருக்கும் மேடையிலிருந்து ஆட்டம் தெரியவில்லை, முன்னால் இருப்பவர்கள் எழுந்துவிட்டால் முதுகுதான் தெரிகிறது, ஏதாவது செய்யுங்கள் என்று இருந்தது. கீழே ஆறு கையெழுத்து. மேடையில் இருப்பது ஏழு இடம். ஏழாவது என் அக்காவுடைய இடம். அவள் கையெழுத்து அதில் இல்லை.

நான் சிரித்தது அதற்குத்தான். கால்பந்து என்றால் உயிரை விடுகிறவள் அவள். அவளே குறை சொல்லவில்லை, இந்த ஆறு பேருக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். குறை சொல்வதற்கென்றே சிலர் பிறவி எடுப்பார்கள் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லவும் செய்தேன்.

அந்த மைதானத்தில் பதினெட்டு வருஷமாக நான் பராமரிப்பு இன்ஜினியர். இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்கும். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் 'டேப் சார்' என்பார்கள். அது என் காதில் விழும்போதெல்லாம் எனக்கு யாரோ பட்டம் கொடுத்த மாதிரி இருக்கும். கண்ணால் பார்த்ததைக்கூட நம்பமாட்டேன், அளந்ததைத்தான் நம்புவேன். கட்டடம் எனக்குப் பிடிக்கும். அதற்கு நடுவில் புல்லில் ஓடுகிற இருபத்திரண்டு பேரைப் பற்றி எனக்குப் பெரிய அக்கறை கிடையாது.

எங்கள் வீட்டில் கால்பந்துப் பைத்தியம் அக்காதான். என்னைவிட நாலு வயது மூத்தவள், மருந்துக்கடையில் வேலை. மருந்துச் சீட்டை நீட்டுகிறவரிடம் முதலில் போன வார ஆட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் மாத்திரையை எடுப்பாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பின்னாலிருந்து ஒரு லாரி இடித்ததில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாவது மாதமே ஆட்டத்துக்குப் போகவேண்டும் என்றாள். மேற்கு ஸ்டாண்டுக்கு அப்போது முப்பத்தெட்டுப் படி. நாலு காவலாளிகள் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. "கை தட்டறாங்கடா. நான் என்ன கோலா போட்டேன்?" என்றாள். அதற்குப் பிறகு அவள் மைதானத்துப் பக்கமே போகவில்லை.

அதனால்தான் அந்த மேடைக்காக நான் இரண்டு வருஷம் நாயாக அலைந்தேன். இதை மட்டும் என் பக்கத்து நியாயமாகச் சொல்லிக்கொள்கிறேன். மைதானக் கமிட்டிக்கு எத்தனை காகிதம் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சரிவுப் பாதை, லிஃப்ட், கைப்பிடி, நாற்காலி திரும்பும் அளவுக்கு அகலமான கழிப்பறை எல்லாம் வந்தன. ஸ்டாண்டின் நடுவில், குறுக்கு நடைபாதையை ஒட்டி ஏழு இடங்களோடு மேடையும் வந்தது. வேலை முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்காவின் பழைய சக்கர நாற்காலியில் நானே உட்கார்ந்து ஏழு இடத்தையும் சோதித்தேன். முன் வரிசைகளில் புல் வெட்டுகிறவர்கள், பெயின்டர்கள், துப்புரவுக்காரர்கள் என்று பதினெட்டுப் பேரை உட்காரவைத்தேன். நெட்டையர்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். அவர்கள் தலைக்கு மேல் இரண்டு கோல் கம்பமும் நாலு மூலைக் கொடியும் தெரிகின்றனவா என்று ஒவ்வொரு இடத்திலும் பார்த்தேன். அருமையாகத் தெரிந்தன. 'பார்வைக்குத் தடை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவரையாவது எழுந்து நிற்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

மேற்கு ஸ்டாண்டில் ஆட்கள் எழுந்து நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. அதுதான் கொடுமை. கார்னர் என்று மூலையிலிருந்து பந்தை உதைக்க ஒருவன் நடந்து போனாலே மொத்த ஸ்டாண்டும் எழுந்துவிடும், அது அங்கே உட்காருகிறவர்களின் பரம்பரை வழக்கம். கடைசிக் கால் மணி நேரம் யாரும் உட்காருவதே இல்லை. நாலாயிரம் பேரும் ஒரே நேரத்தில் எழுந்து குதித்தால் கான்கிரீட் தாங்குமா என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். தாங்கும். எழுந்தவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன தெரியும் என்பது என் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஆட்டம் நடக்கும்போது நான் அதைப் பார்ப்பதும் இல்லை. ஸ்டாண்டுக்கு அடியில் ஜன்னலில்லாத கண்ட்ரோல் ரூமில் இருப்பேன். அங்கே திரைகளில் வாசலும் நடைபாதையும் படிக்கட்டும்தான் தெரியும். கோல் விழுந்தால் தலைக்கு மேலே இடி இடிக்கிற மாதிரி கேட்கும், மேஜையில் டீ டம்ளர் ஆடும். அதோடு சரி.

ஆட்டம் முடிந்ததும் அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டில் விடுவது என் வேலை. மேடை திறந்த முதல் நாள், அவள் சீட் பெல்ட்டைப் போடுவதற்குள் கேட்டுவிட்டேன், எப்படி இருந்தது என்று. அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, ரொம்ப நன்றாக இருந்ததாகச் சொன்னாள். ஏழாம் நம்பர்க்காரன் இரண்டு பேரை ஏமாற்றிக்கொண்டு உள்ளே புகுந்ததையும், இடது காலால் அடித்ததையும், பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனதையும் வீடு வரைக்கும் விவரித்தாள். அன்றைக்கு ராத்திரி நான் திருப்தியாகச் சாப்பிட்டேன். அந்த சீசன் முழுக்க அப்படித்தான். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியுமாம். எனக்குக் குடம் குடமாக வடிந்தது.

மனு கமிட்டிக்குப் போயிற்று. எழுதியவர் ஒரு வெல்டர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை வியாதியில் இரண்டு காலும் போனவர். கூட்டத்துக்கு அவரே வந்திருந்தார். நான் படங்களை விரித்து வைத்துக்கொண்டு, எல்லா அளவும் விதிப்படி சரியாக இருக்கின்றன என்று பத்து நிமிஷம் பேசினேன். தலைவருக்குப் படம் புரியவில்லை, கொட்டாவி விட்டார். அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"சார், அந்த மேடையில என் சொந்த அக்கா உக்காருறா. ஒரு ஆட்டம் விடல. இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அதற்கு மேல் யாருக்கும் சாட்சி வேண்டியிருக்கவில்லை. மனுவை ஓரமாக வைத்துவிட்டு, புல்லுக்கு எந்த உரம் போடுவது என்ற அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். வெல்டர் வாதாடவில்லை. நான் கதவைத் திறந்துவிட்டபோது மட்டும் சொன்னார், ஆட்டம் நடக்கிற அன்றைக்கு ஒரே ஒரு தடவை தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்க்கும்படி. கட்டாயம் வருகிறேன் என்றேன். போகவில்லை. ஆட்டத்தன்று எனக்குத் தலைக்கு மேல் வேலை என்பது உண்மைதான். ஆனால் நான் போகாததற்கு அது காரணமில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் கோபம். என் மேடையைக் குறை சொல்லிவிட்டாரே என்கிற அற்பக் கோபம்.

சீசனின் கடைசிக்கு முந்தின ஆட்டத்தன்று லிஃப்ட் கதவு மூடாமல் நின்றுவிட்டது. மெக்கானிக் வேறு வாசலில் மாட்டிக்கொண்டிருந்ததால் நானே மேலே போனேன். கதவு ஓடுகிற பள்ளத்தில் யாரோ பாட்டில் மூடியைப் போட்டிருந்தார்கள். எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினால் எதிரே மேடை. ஆட்டம் முடியப் பத்து நிமிஷம்தான் பாக்கி, ஒன்றுக்கு ஒன்று சமம். வந்ததுதான் வந்தோம் என்று மேடைக்குப் பின்னால் சுவரோரமாகப் போய் நின்றேன்.

எங்கள் அணிக்குக் கார்னர். ஸ்டாண்ட் ஏற்கனவே எழுந்து நின்றது, இப்போது நுனிக்காலில் நின்றது. எனக்கு நல்ல உயரம், எல்லாம் தெரிந்தது. பந்து வளைந்து வந்தது. ஒன்பதாம் நம்பர்க்காரன் இரண்டு பேருக்கு நடுவிலிருந்து எகிறித் தலையால் முட்டினான். கோல். ஆட்டத்தில் அக்கறையே இல்லாத நான், கையை இரண்டும் தூக்கிக்கொண்டு கத்தினேன். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளைக் கட்டிக்கொள்ளக்கூடச் செய்தேன்.

அப்புறம்தான் குனிந்து பார்த்தேன்.

ஏழு சக்கர நாற்காலிகள். ஏழு பேருக்கும் முன்னால் முதுகுகள் சுவர் மாதிரி நின்றன. பச்சைச் சட்டைகள், பின்னால் அச்சடித்த எண்கள். இந்த ஏழு பேரில் ஒருவரும் மைதானத்தின் பக்கம் பார்க்கவில்லை. ஆறு பேரும் என் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு காதில் இயர்போன் மாட்டியிருந்தாள். கண்ணை மூடி, ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, பொறுங்கள் என்று சைகை செய்துகொண்டிருந்தாள். போனில் கேட்கிற ரேடியோ வர்ணனை கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், ஊரே கத்தி ஓய்கிற நேரத்துக்கு அதில் கோல் விழுந்தது போலிருக்கிறது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"நமக்குத்தான். ஒம்பதாம் நம்பர். தலையால," என்றாள்.

அதன் பிறகுதான் அந்த ஆறு பேரும் கைதட்டினார்கள்.

எனக்குக் கை இன்னும் பாதி தூக்கியபடியே இருந்தது. அதைக் கீழே இறக்கக்கூட வெட்கமாக இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்று சும்மா பேச்சுக்குச் சொல்வார்களே, அதன் அர்த்தம் அங்கேதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அங்கிருந்து நழுவினேன். லிஃப்டில் போனால் மேடையைக் கடந்து போகவேண்டும் என்று படிக்கட்டு வழியாக ஓடினேன். எனக்குத்தான் கால் இருக்கிறதே.

அன்றைக்குக் காரில் நான் எதுவும் கேட்கவில்லை. அக்காவே ஆரம்பித்தாள். ஒன்பதாம் நம்பர்க்காரன் எப்படி எகிறினான், அவனுக்கு முன்னால் நின்ற தடுப்பாளன் எப்படி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டான், கோல்கீப்பர் எந்தப் பக்கம் விழுந்தான் என்று ஒன்று விடாமல் சொன்னாள். கோல்கீப்பர் விழவே இல்லை, நின்ற இடத்தில் நின்றான். நான் பார்த்தேன். பார்த்தவன் நான், சொன்னவள் அவள். ரேடியோக்காரன் சொல்லாமல் விட்டதையெல்லாம் எனக்காக அவள் கைக்காசு போட்டு நிரப்பியிருக்கிறாள்.

அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் நான் குறுக்கிடவில்லை. உம் கொட்டினேன். அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, சக்கர நாற்காலியை இறக்கிப் பிரித்து, பிரேக் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அக்கா, அந்தக் கோல் விழுந்தப்போ நான் உங்களுக்குப் பின்னாடிதான் நின்னுட்டு இருந்தேன்."

அவள் காரிலிருந்து நாற்காலிக்கு மாறப்போனவள் அப்படியே இருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மொத நாளு நீ எப்படி இருந்துச்சுன்னு கேட்டப்போ உன் மூஞ்சியப் பாத்தேன்டா," என்றாள். "பரிச்சையில பாஸா ஃபெயிலான்னு கேக்கிற மாதிரி இருந்துச்சு. ஒரு நாளைக்குத்தானேன்னு, முன்னால நின்னவங்க பேசினத வச்சுச் சொல்லிட்டேன். அடுத்த வாரம் எப்படி மாத்திச் சொல்றது?"

சொல்லியிருக்கலாமே, என்னிடம் சொல்வதற்கு என்ன என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், சொன்ன ஆறு பேரை நான் என்ன செய்தேன் என்பது ஞாபகம் வந்தது.

"வெல்டர் அந்த மனுவ எடுத்துட்டு மொதல்ல என்கிட்டதான் வந்தாரு. நீங்க போட்டா எடுபடும்மா, உங்க தம்பி அங்க இருக்காருன்னாரு. நான் போடல. எனக்கு நல்லாத்தான் தெரியுதுன்னு சொன்னேன். அவருக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, அதே முதுகப் பாத்துக்கிட்டு, அவருகிட்டயே சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் எனக்கு அவங்க மூஞ்சியில முழிக்க முடியல. அப்பதான் இந்த இயர்போன் வாங்கினேன். எனக்காக வாங்கலடா. அவங்களுக்குச் சொல்லணும்னு வாங்கினேன்."

எனக்கு வரவேண்டிய அவமானத்தை ஒரு சீசன் முழுக்க அவள் சுமந்திருக்கிறாள். நான் கமிட்டியில் அவளைச் சாட்சியாக இழுத்தது அவளுக்குத் தெரியாது. அதையும் அங்கேயே, காரின் கதவைப் பிடித்தபடி சொன்னேன். இனி மறைத்தால் நான் மனிதனே இல்லை. அவள் நாற்காலியில் மாறி உட்கார்ந்து, தள்ளவேண்டாம், தானே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கடைசி ஆட்டத்துக்கு அவள் வரவில்லை. போன் செய்தால் எடுத்தாள், நன்றாக இருக்கிறேன் என்றாள், வைத்துவிட்டாள்.

புது சீசனுக்கு முந்தின கமிட்டிக் கூட்டத்துக்கு நான் இரண்டு காகிதங்களோடு போனேன். ஒன்று வெல்டரின் பழைய மனு. இன்னொன்று நான் எழுதியது. மேடைக்கு நேர் முன்னால் உள்ள மூன்று வரிசைகளில் யாரையும் உட்காரவைக்கக் கூடாது, மேடையை உயர்த்திக் கட்டும் வரைக்கும் அவை காலியாகவே இருக்கவேண்டும் என்று கேட்டிருந்தேன். இந்த முறை ஊழியர்களை எழுந்து நிற்கவைத்து அளந்திருந்தேன். மூன்று வரிசை விட்டால் நிற்கிறவர்களின் தலைக்கு மேல் மைதானம் முழுக்கத் தெரியும். அந்த வரிசைகளில் இருந்தவர்கள் பழைய உறுப்பினர்கள், தலைவரின் மைத்துனரும் அவர்களில் ஒருவர்.

தலைவர் அன்றைக்குக் கொட்டாவி விடவில்லை. போன தடவை நான் சொன்னது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. என் அக்கா ஒரு குறையும் சொல்லவில்லை என்று நான்தானே சொன்னேன், இப்போது அந்த அம்மா பொய் சொன்னார்களா என்று கேட்டார். வெல்டர் சுவரோரமாக இருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா சொன்னது எனக்காக, சார். வீட்டுல சொன்னது," என்றேன். "அத இங்க கொண்டுவந்து இவங்க ஆறு பேரு வாய அடைச்சது நான். மேடையில பாக்க முடியாதுன்னு எனக்கு எழுதிக் குடுத்தாங்க. நான் போய்ப் பாக்கல. பாக்காமலே சரியா இருக்குன்னு சொன்னேன்."

அளவு எடுக்கிற ஒருவன் தன் வாயால் இதைச் சொன்னால் அவன் டேப்பை இனி யார் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். கை தூக்கச் சொன்னார்கள். ஒன்பது பேரில் ஐந்து பேர் தூக்கினார்கள், தலைவர் தூக்கவில்லை. ஆனால் அது போதுமாக இருந்தது. வெல்டர் போகும்போது எனக்கு நன்றி சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

அக்காவுக்கு ஒரே வரியில் செய்தி அனுப்பினேன், மூன்று வரிசை எடுத்தாயிற்று என்று. பதில் வரவில்லை. ஆனால் முதல் ஆட்டத்தன்று மருந்துக்கடையிலிருந்து நேராக, பச்சைச் சட்டையோடு வந்து சேர்ந்தாள். அன்றைக்குக் கண்ட்ரோல் ரூமில் வேறு ஆளைப் போட்டுவிட்டு, ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு நானும் மேலே போனேன். வெல்டர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டார். மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முன்னால் மூன்று வரிசையும் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. அதற்கு அப்பால் புல், வெள்ளைக் கோடு, இரண்டு கோல் கம்பம், எல்லாம் தெரிந்தன. அக்கா காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

இருபதாவது நிமிஷம் எங்கள் அணிக்குக் கார்னர் கிடைத்தது. ஸ்டாண்ட் எழுந்தது. தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் அத்தனை பேரும் எழுந்தும் எதுவும் மறையவில்லை. உதைக்கப் போகிறவன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடப்பதுகூடத் தெரிந்தது. நான் சந்தோஷமாகப் பக்கத்தில் திரும்பினேன்.

வெல்டர் மைதானத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு அடுத்தவரும் பார்க்கவில்லை. ஸ்டாண்ட் எழுந்ததும் ஆறு பேரும், போன சீசனில் பழகின பழக்கத்தில், தலையைத் திருப்பி என் அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைதானம் அவர்களுக்கு முன்னால் திறந்து கிடந்தது.

"என்னைப் பாக்காதீங்க," என்றாள் அக்கா. "அங்க பாருங்க, அங்க."

அவர்கள் திரும்புவதற்குள் பந்து வந்து, யாரோ தட்டி, வெளியே போய்விட்டது.